காந்தப் பொடியால் குரோமியம்-6 நீக்கம்: ஐந்தாம் சுற்றில் 38% தான் வருகிறது, எங்கே போகிறது திறன்?

கேள்வி: வடிதாள்

குரோம் பிளேட்டிங் பட்டறைகளின் அலசு நீருக்காக மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) நானோ பொடியைச் சோதித்து வருகிறேன். இப்போதைக்குப் பட்டறை நீர் இல்லை; பொட்டாசியம் டைகுரோமேட்டை வாலைவடிநீரில் கரைத்த கரைசல்தான்.

தயாரிப்பு: ஃபெர்ரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 2.78 கிராம், நீர் 100 மி.லி. நைட்ரஜன் விட்டு 70 டிகிரிக்குச் சூடாக்கி, 25% அம்மோனியா 20 மி.லி. சேர்த்து அரை மணி நேரம் கலக்கினேன். கருப்பு வீழ்படிவை மூன்று முறை கழுவி, 80 டிகிரி ஓவனில் இரவு முழுக்க உலர்த்தினேன். 2.2 கிராம் கிடைத்தது. எக்ஸ்ரே விளிம்பு விளைவில் துகள் அளவு சுமார் 11 நானோமீட்டர்.

சோதனை: லிட்டருக்கு 20 மி.கி. குரோமியம்-6 உள்ள கரைசல் 100 மி.லி., பொடி 0.1 கிராம், கந்தக அமிலம் விட்டு பிஹெச் 2.5, குலுக்கியில் 2 மணி நேரம். அடியில் நியோடிமியம் காந்தத்தை 10 நிமிடம் வைத்துப் பொடியை இறக்கிவிட்டு, மேல்நீரை டைஃபீனைல்கார்பசைடு முறையில் (குரோமியம்-6 இருந்தால் ஊதா நிறம் வரும்) அளக்கிறேன். பிறகு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, மறுபடி 80 டிகிரியில் உலர்த்தி அடுத்த சுற்று.

நீக்க விழுக்காடு வரிசையாக 92, 81, 66, 50, 38. பொடி கருப்பிலிருந்து பழுப்புக்கு வந்துவிட்டது. காரக் கழுவலில் வரும் மஞ்சள் நிறமும் சுற்றுக்குச் சுற்று வெளிறுகிறது.

காரத்துக்குப் பதில் அமிலத்தில் கழுவினால் மீளுமா? சிலிக்கா பூசினால் சரியாகுமா? ஒரு பட்டறைக்கு நாளொன்றுக்கு 1000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் இது நடக்கிற காரியமா?

பதில்: இரும்புக்கணக்கு

உங்கள் பொடி குரோமேட்டை, அதாவது நீரில் குரோமியம்-6 இருக்கும் அயனியை, பரப்பில் பிடித்துவைப்பதோடு நிற்கவில்லை, எலக்ட்ரான் கொடுத்து அதை ஒடுக்கவும் செய்கிறது. மேக்னடைட்டில் மூன்று இரும்பில் ஒன்று ஃபெரஸ், அதாவது இரண்டு இணைதிறன் இரும்பு. ஒரு குரோமியம்-6, குரோமியம்-3 ஆக மாற மூன்று எலக்ட்ரான் வேண்டும். அதாவது மூன்று ஃபெரஸ் அயனி செலவாகும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.1 கிராம் மேக்னடைட்டில் 0.43 மில்லிமோல் ஃபெரஸ் இருக்கிறது. முதல் சுற்றில் காணாமல் போனது 1.84 மி.கி. குரோமியம்-6, அதாவது 0.035 மில்லிமோல். அத்தனையும் ஒடுக்கத்தால் போனதென்றால் செலவு 0.106 மில்லிமோல் ஃபெரஸ். கையிருப்பில் கால் பங்கு. உங்கள் ஐந்து சுற்றையும் கூட்டினால் 6.5 மி.கி. சொச்சம், அதற்குக் கிட்டத்தட்ட 0.38 மில்லிமோல் ஃபெரஸ் வேண்டும். இது மேல் எல்லைக் கணக்குதான், ஆனாலும் பொடி பழுப்பானதற்கும் ஐந்தாம் சுற்றில் திறன் விழுந்ததற்கும் இதுவே போதும். பழுப்பு என்பது மேகமைட். ஃபெரஸ் தீர்ந்த மேக்னடைட் அதுவாகத்தான் மாறும். காந்தத்துக்கு வரும், அதனால் பொடி நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

அடுத்த சிக்கல், உருவான குரோமியம்-3. அதில் ஒரு பகுதி பரப்பிலேயே இரும்போடு கலந்த ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். 0.1 மோலார் காரம் குரோமேட்டை விரட்டும். இந்தப் படிவை அசைக்காது. மஞ்சள் வெளிறுவது இதனால்தான்.

அமிலத்தில் கழுவலாமா என்றால், வேண்டாம். படிவோடு சேர்ந்து மேக்னடைட்டும் கரையும். காரத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் குரோமியம்-3 மறுபடி குரோமேட்டாகி வெளியே வரும், ஆனால் மிச்சமிருக்கும் ஃபெரஸையும் பெராக்சைடு தின்றுவிடும். ஒடுக்கும் திறனை நம்பி இருக்கும் பொடி ஒருமுறைச் செலவுப் பொருள். அதை மறுபயன்பாட்டுப் பொடி என்று எழுதுவதில்தான் பல கட்டுரைகள் சறுக்குகின்றன.

இரண்டு மாற்றங்கள் உடனே செய்யலாம். சுற்றுகளுக்கு இடையே உலர்த்தாதீர்கள். 80 டிகிரி ஓவனில், காற்றில், 11 நானோமீட்டர் துகள் ஆக்சிஜனேற்றம் அடைவதோடு ஒட்டிக் கட்டியும் ஆகும். கட்டியானதை மீயொலித் தொட்டியில் வைத்தாலும் முழுக்கப் பிரியாது. ஈரக் குழம்பாகவே வைத்து, 10 மி.லி. மட்டும் தனியே உலர்த்தி எடைபோட்டு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிஹெச் சரிசெய்யக் கந்தக அமிலம் வேண்டாம், ஹைட்ரோகுளோரிக் போடுங்கள். பிஹெச் 2.5க்குக் கொண்டுவர லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் சல்பேட்டைச் சேர்க்கிறீர்கள். குரோமேட் உட்காரும் இடத்துக்கே அதுவும் போட்டி போடும்.

பதில்: ஐந்நூற்றுநாற்பது

மேலே சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் 92% என்பதே உண்மையா என்று பாருங்கள். டைஃபீனைல்கார்பசைடு குரோமியம்-6ஐ மட்டும்தான் காட்டும். பிஹெச் 2.5இல் குரோமியம்-3 நன்றாகக் கரைந்திருக்கும். நிறம் வரவில்லை என்றால் குரோமியம் நீரைவிட்டுப் போனதாக அர்த்தமில்லை. அதே மேல்நீரை அணு உட்கவர் நிறமாலைமானியில் கொடுத்து மொத்தக் குரோமியம் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீரிலேயே தங்கிய குரோமியம்-3.

இன்னொரு பொறி: காந்தத்துக்கு அகப்படாமல் மிதக்கும் நுண்துகள். மாதிரியில் கந்தக அமிலம் சேர்த்ததும் அது கரைந்து ஃபெரஸை விடும். ஃபெரஸ் சோதனைக் குழாயிலேயே குரோமியம்-6ஐ ஒடுக்கிவிடும். உண்மையைவிடக் குறைவான எண் வரும், நீக்கம் அதிகம் என்று நீங்கள் மகிழ்ந்துபோவீர்கள். அமிலம் சேர்க்கும் முன்பே 0.2 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டி, முடிந்தால் அதற்கு முன் மையவிலக்கு. லிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் ஃபெர்ரிக் (மூன்று இணைதிறன் இரும்பு) இருந்தால் வினைப்பொருளோடு சேர்ந்து மஞ்சள் நிறம் தந்து, ஊதாவை அளக்கும் 540 நானோமீட்டர் அளவையும் கெடுக்கும். அதற்குக் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம்.

வினைப்பொருள்: 250 மி.கி. டைஃபீனைல்கார்பசைடு, 50 மி.லி. அசிட்டோன், பழுப்பு நிறப் புட்டி. நிறம் ஏறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஊதா நிறம் முழுதாக வர 5 முதல் 10 நிமிடம். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே வரும்படி நீர்த்து அளக்க வேண்டும், 20 மி.கி. கரைசலை நேரடியாக வைத்தால் அளவுக்கோடு வளைந்துவிடும்.

கடைசி பிஹெச்சும் குறித்துவையுங்கள். ஒடுக்கமும் சரி, இரும்பு கரைவதும் சரி, ஹைட்ரஜன் அயனியைத் தின்னும். 2.5இல் தொடங்கிய குடுவை எங்கே முடிகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

பதில்: மணல்பூச்சு

சிலிக்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூசினால் இரும்பு கரைவது வெகுவாகக் குறையும். 1 கிராம் மேக்னடைட்டை (உலராத குழம்பு) 400 மி.லி. எத்தனால், 100 மி.லி. நீரில் போட்டு 20 நிமிடம் மீயொலி கொடுங்கள். 25% அம்மோனியா 8 மி.லி., பிறகு டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 2 மி.லி. சொட்டுச் சொட்டாக. அறை வெப்பத்தில் 6 மணி நேரம் கலக்கல். மேலிருந்து சுழலும் கலக்கித்தண்டு வேண்டும். காந்தக் குச்சி போட்டால் பொடி முழுக்கக் குச்சியில் மொய்த்துக்கொள்ளும். பூச்சு பொடிக்கு விழாமல் தனிச் சிலிக்கா உருண்டைகளாகப் போகும்.

வெறும் சிலிக்கா குரோமேட்டைப் பிடிக்காது, அதனால் மேலே அமீன் தொகுதி ஒட்ட வேண்டும். அமினோபுரொப்பைல் டிரைஎத்தாக்சிசிலேன் 1 மி.லி. போட்டு 60 டிகிரியில் இன்னொரு 6 மணி நேரம். அமிலத்தில் அமீன் நேர்மின் ஏறி குரோமேட்டைப் பிடிக்கும், காரத்தில் விடும்.

பதில்: இரும்புக்கணக்கு

மணல்பூச்சு சொன்ன செய்முறை சரி, ஆனால் இந்த வேலைக்குப் பொருந்தாது. சிலிக்கா காரத்தில் கரையும். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் பிஹெச் 13. சுற்றுக்குச் சுற்று ஓடு மெலிந்து, அதில் ஒட்டிய அமீனும் சேர்ந்து கழுவிப்போகும். அமிலத்தில் மீட்கும் உலோகங்களுக்கு, அதாவது ஈயம், காட்மியம், செம்பு போன்றவற்றுக்குச் சிலிக்கா நல்ல கவசம். காரத்தில் மீட்கும் குரோமேட்டுக்கும் ஆர்சனேட்டுக்கும் இல்லை. எந்தக் கழுவல், அதற்கு எந்தப் பூச்சு என்று பின்னாலிருந்து யோசிக்க வேண்டும்.

குரோமேட்டுக்கு எளிய வழி, ஃபெரஸையே முன்கூட்டித் தீர்த்துவிடுவது. மேக்னடைட்டை வேண்டுமென்றே மேகமைட்டாக்குங்கள். ஒடுக்கம் நின்றுபோகும், பரப்பில் ஒட்டுவது மட்டும் நடக்கும், காரம் ஊற்றினால் கழன்று வரும். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2005இல் 10 நானோமீட்டர் மேகமைட்டில் இதைத்தான் காட்டியது: பிஹெச் 2.5, கால் மணி நேரத்தில் சமநிலை, மீட்பதற்கு 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடே போதும், ஆறு சுற்று தாங்கியது.

செய்யும் விதம்: ஈரக் குழம்பை நைட்ரிக் அமிலத்தால் பிஹெச் 3க்குக் கொண்டுவந்து, 90 டிகிரியில் காற்றூதிக் கருப்பு முழுக்கப் போய்ச் செம்பழுப்பு வரும்வரை விடுங்கள். உலர் பொடிதான் இருக்கிறதென்றால் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி 250 டிகிரியில் 2 மணி நேரம், எடை 3.5% ஏறியிருந்தால் மாற்றம் முடிந்தது. 400 டிகிரியைத் தாண்டவிட்டால் ஹேமடைட் ஆகிவிடும், காந்தம் வைத்தாலும் வராது. மேகமைட்டின் காந்த ஈர்ப்பு மேக்னடைட்டைவிடக் கொஞ்சம் குறைவு, காந்தத்துக்கு 5 நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

வடிதாள்

முதல் சுற்றை மட்டும் மறுபடி ஓட்டி எல்லாவற்றையும் அளந்தேன். தொடக்கத்தில் 2.0 மி.கி. குரோமியம். மேல்நீரில் குரோமியம்-6 லிட்டருக்கு 1.6 மி.கி., மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 4.1 மி.கி. காரக் கழுவலில் மொத்தம் 0.60 மி.கி. கடைசி பிஹெச் 3.6. பழைய ஐந்து சுற்றில் ஓடிய பொடியின் எடை இப்போது 81 மி.கி.; எல்லாச் சுற்றுக்கும் 100 மி.கி. என்றே கணக்குப் போட்டிருந்தேன்.

பதில்: இரும்புக்கணக்கு

அப்படியானால் குரோமிய நீக்கம் 92 இல்லை, 79.5%. நீரில் 0.41 மி.கி., அதில் 0.25 குரோமியம்-3. பொடிக்குப் போனது 1.59, காரத்தில் திரும்பியது 0.60, பொடியிலேயே மாட்டிக்கொண்டது 0.99. மாட்டியது அத்தனையும் குரோமியம்-3 என்று கொண்டால் ஒடுங்கியது மொத்தம் 1.24 மி.கி. ஃபெரஸ் செலவு 0.072 மில்லிமோல், கையிருப்பில் ஆறில் ஒரு பங்கு. நான் முதலில் கால் பங்கு என்றது அதிகம்.

அந்த 0.99ஐ யூகமாக விடாதீர்கள். கழுவிய பொடியை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி முழுக்கக் கரைத்து மொத்தக் குரோமியம் பாருங்கள். இந்தக் கரைசலில் இணைதிறன் வாரியாக அளப்பதில் பயனில்லை. மிச்ச ஃபெரஸ் எல்லாவற்றையும் 3க்கு இறக்கியிருக்கும். நீர், கழுவல், பொடி மூன்றும் சேர்ந்து தொடக்க அளவில் 95%க்கும் 105%க்கும் இடையே வந்தால்தான் அந்தச் சுற்றின் எண்களை வெளியே காட்டலாம்.

எடை இழப்பு சுற்றுக்குச் சுமார் 4%. நான்கு சுற்று முடிந்தபோது 85 மி.கி. இருந்திருக்கும். அந்த எடைக்குப் பார்த்தால் உங்கள் பழைய எண்களில் கிராமுக்கு 18.4 மி.கி. என்பது 8.9க்கு விழுந்திருக்கிறது. எடை இழப்பு கொஞ்சம்தான் காரணம், மீதி எல்லாம் மேலே சொன்ன ஒடுக்கமும் படிவும் கட்டியாதலும்.

பதில்: தொட்டிக்காரன்

1000 லிட்டர் கேள்விக்கு வருகிறேன். லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் ஒரு கிலோ பொடி. பீக்கரில் 10 நிமிடத்தில் இறங்கியது தொட்டியில் இறங்காது. காந்த இழுப்பு சில சென்டிமீட்டரிலேயே தேய்ந்துபோகும். தொட்டிக்கு வெளியே எத்தனை பெரிய காந்தம் வைத்தாலும் நடுவில் இருக்கும் துகளுக்கு அது தெரியாது. நீரை மெல்லிய எஃகுக் கம்பளி அடைத்த குழாய் வழியே ஓட்டி, குழாயின் இருபுறமும் காந்தம் வைக்க வேண்டும். கம்பளி இழையைச் சுற்றித்தான் காந்தப்புலத்தின் வலிமை சட்டென்று மாறும், துகள் அங்கே ஒட்டும். காந்தத்தை விலக்கிப் பின்னோட்டம் கொடுத்தால் கழன்று வரும். கம்பளி 430 தர எஃகாக இருக்க வேண்டும், 304 காந்தத்துக்கு மசியாது. ஆனால் பிஹெச் 2.5இல், குளோரைடு நீரில், 430உம் அரிக்கும். அரிக்கும் எஃகு தானே குரோமேட்டை ஒடுக்கும். உங்கள் பொடியின் வேலை எது, கம்பளியின் வேலை எது என்று பிரிக்க முடியாமல் போகும். கம்பளிக்கு மெல்லிய எப்பாக்ஸிப் பூச்சு கொடுத்துப் பார்க்கலாம்.

பொடி தப்பிப்பதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். சுற்றுக்கு 1% மட்டும் தப்பினாலும் லிட்டருக்கு 10 மி.கி. பொடி வெளியேறும் நீரில் போகும். கிராமுக்கு 16 மி.கி. குரோமியம் ஏறிய பொடி அது. அதாவது லிட்டருக்கு 0.16 மி.கி. குரோமியம், பொடியின் முதுகில் ஏறிப் போகிறது. நம் நாட்டுப் பொது வெளியேற்ற விதியில் உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் குரோமியம்-6க்கு வரம்பு 0.1 மி.கி., மொத்தக் குரோமியத்துக்கு 2 மி.கி. குடிநீர்த் தரத்தில் மொத்தமே 0.05. ஐம்பது சுற்றில் கையில் மிஞ்சும் பொடி 60% தான். கடைசியில் ஒரு மணல் வடிகட்டியாவது வேண்டும்.

அமிலச் செலவும் பாருங்கள். அலசுவதற்குப் பட்டறைகள் போர்வெல் நீரைத்தான் விடுகின்றன. காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 300 மி.கி. இருந்தால் அதை முறிக்கவே லிட்டருக்கு 6 மில்லிமோல் அமிலம், பிஹெச் 2.5க்கு இறக்க மேலும் 3. ஆயிரம் லிட்டருக்கு 9 மோல், கடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வெளியே விடும்முன் அதற்கு ஈடாகச் சுண்ணாம்பும் வேண்டும்.

பட்டறைகளில் இப்போது நடப்பது இதுதான்: பிஹெச் 2 முதல் 2.5இல் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு ஒடுக்கி, சுண்ணாம்பில் 8.5க்கு ஏற்றி வீழ்த்துவது. ஒரு கிராம் குரோமியம்-6க்குக் கணக்குப்படி 2.74 கிராம் மெட்டாபைசல்பைட். உங்கள் 1000 லிட்டரில் இருப்பது 20 கிராம் குரோமியம். கூடுதல் சேர்த்தாலும் 100 கிராமுக்குள் முடிந்துவிடும். நீக்கம் மட்டும் நோக்கமென்றால் காந்தப் பொடி இதை விலையில் வெல்லாது. குரோமேட்டைச் செறிவாக்கித் திரும்ப எடுக்க வேண்டும் என்றாலோ, ஒடுக்கி வீழ்த்திய பிறகு கடைசித் துளியைப் பிடிக்க வேண்டும் என்றாலோ பேசலாம். பின்னதற்கு பிஹெச் 7 பக்கத்தில் வேலை செய்யும் பரப்பு தேவை, 2.5இல் எடுத்த எண்கள் அங்கே உதவாது.

பதில்: குழாயடி

இதே பொடியை ஈயத்துக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: பிஹெச் 5 முதல் 5.5. அதற்கு மேலே போகப்போக ஈயம் தானாகவே ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் வீழும். பொடி போடாத வெற்றுக் குடுவை ஒன்று கூடவே ஓடட்டும். அதிலும் 40% குறைந்தால் அது பொடியின் சாதனை இல்லை. பிஹெச் நிலைநிறுத்தப் பாஸ்பேட் தாங்கல் கரைசலைப் போட்டுவிடாதீர்கள், ஈயம் பாஸ்பேட்டாக அடியில் உட்கார்ந்துவிடும். மீட்க 0.01 மோலார் ஈடிடிஏ (உலோக அயனியைக் கவ்விக்கொள்ளும் வேதிப்பொருள்) நல்லது, ஆனால் நாலைந்து முறை கழுவ வேண்டும். மிஞ்சிய ஈடிடிஏ அடுத்த சுற்றில் ஈயத்தை நீரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாதிரிகளைக் கண்ணாடியில் வைக்காமல் பாலிபுரொப்பிலீன் புட்டியில், 1% நைட்ரிக் அமிலத்தோடு வையுங்கள்.

வடிதாள்

மேகமைட் குழம்பு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.01 மோலார் காரம், இடையில் உலர்த்தாமல் ஓட்டப்போகிறேன். ஒன்று மட்டும்: காரக் கழுவல் நீர் சேர்ந்துகொண்டே போகிறது, என்ன செய்வது?

பதில்: தொட்டிக்காரன்

ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் காரம் எடுக்காதீர்கள். ஒரே 20 மி.லி.யை மூன்று நான்கு சுற்றுக்கு ஓட்டலாம், பிஹெச் 12க்குக் கீழே போனால் மட்டும் கொஞ்சம் காரம் சேருங்கள். மஞ்சள் அடர்ந்துகொண்டே வரும். செறிவு ஏறஏற விடுவிப்பு மந்தமாகும், அப்போது மாற்றுங்கள். அளந்து முடித்த டைஃபீனைல்கார்பசைடு கரைசல்களில் அசிட்டோன் இருக்கிறது, அதை இதோடு கலக்காமல் தனிக் கேனில் வையுங்கள்.

சேர்ந்த குரோமேட்டைப் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து அமிலமாக்கி பிஹெச் 2க்கு இறக்குங்கள். மெட்டாபைசல்பைட் போடும்போது கந்தக டைஆக்சைடு வரும், முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். மஞ்சள் போய்ப் பச்சை வந்ததும் சொட்டு எடுத்து டைஃபீனைல்கார்பசைடு போட்டு ஊதா வரவில்லை என்று உறுதிசெய்து, பிறகு சுண்ணாம்பில் 8.5. மேலே தெளிந்த நீரை அளந்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அடியில் தங்கும் பச்சைச் சேறும், திறன் தீர்ந்த பொடியும் அபாயக் கழிவு. பெயர்ச்சீட்டு ஒட்டிய மூடிய டப்பாவில் சேர்த்து, உங்கள் நிறுவனத்தின் அபாயக் கழிவுக் கணக்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.